பொத்தான் அளவு

விரலில் ஊசி ஏற்றியது போல் என்று
டொக்டரிடம் சொன்னேன். பிறகு திருத்தினேன்:
ஊசி எனக்குப் பழக்கம், சேர்.
நகத்தோடு சேர்த்து மெசின் ஊசி இறங்கிய நாளிலும்
ரத்தத்தைத் துடைத்துவிட்டுக்
கழுத்துப்பட்டியை முடித்தவள் நான்.
இது வேறு.
இரவு இரண்டு மணி,
வலது கால் பெருவிரலில்
ஒரு போர்வை விழுந்தது, அவ்வளவுதான்.
வொயில் துணி. காற்றடித்தால் பறந்துவிடும்.
முப்பத்தொரு வருஷம் துணி வெட்டியவளுக்கு
துணியின் பாரம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அளவு நாடாவை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன்.
இடது விரல் மூன்றேகால் அங்குலம்.
வலது நாலு,
தொட்டும் தொடாமலும் எடுத்த அளவு.

யூரிக் அசிட் என்று கல்முனையில் எழுதிக் கொடுத்தார்கள்.
நான் பஸ்ஸால் இறங்குமுன்
நிந்தவூருக்குத் தெரிந்துவிட்டது.
தக்காளியைத் தொடாதே என்றாள் ஜெஸீமா.
பருப்பு நஞ்சு என்றது எதிர்வீடு.
கீரையை விடு, முட்டையை விடு,
ராவைக்குச் சாப்பாட்டையே விடு.
விடச் சொன்னதையெல்லாம் விட்டால்
சோறும் உப்பும் நானும்தான் மிச்சம்.
அடுத்தவள் அளவில் தைத்த சட்டை
யாருக்குக் கக்கத்தில் பிடிக்காமல் இருந்திருக்கிறது?

மறுபடி போனேன்,
கேள்விகளைப் பில் துண்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு.
பருப்பு தின்னலாம், கீரையும்தான்.
முட்டையும் ஆகும். கோழி என்றால் அளவோடு.
பட்டினி கிடக்கக் கூடாது, அதுவும் விரலைக் கிளப்பும்.
ஈரல், பாபத், மூளை வேண்டாம்.
சோடா, சர்பத் வேண்டாம்.
நெத்தலி, சாளை, கீரி, மட்டி...
அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.
"உங்கட அவர் கரைவலைக்காரர் எண்டு சொன்னீங்க, என்ன?"
தண்ணீர் நிறையக் குடியுங்கள்,
பாலை ஆடை எடுத்துக் குடியுங்கள் என்றார்.
தையல்காரியிடம் போய்
ஆடையை எடுக்கச் சொல்கிறீர்களே என்று சிரித்தேன்.
அவருக்குப் பிடிபடவில்லை.
பிரஷர் குளிசையை மட்டும் மாற்றி எழுதினார்.

அன்று பின்னேரம் ஆதம்லெப்பை
ஒரு பை கீரிமீனோடு வந்தார்.
துண்டை வாசித்தார். பையை ஆணியில் மாட்டினார்.
ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்
இரண்டு புடலங்காயை
வலைக்கயிறு மாதிரித் தோளில் போட்டபடி வந்தார்.
"இதுக்கு முள்ளும் இல்ல" என்றார்.
மீனை அவருக்கு ஆக்கினேன்.
குசினிச் சுவரைப் பார்த்தபடி இருந்து
களவெடுத்தவர் போல் தின்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது.
நாற்பத்திரண்டு சட்டை,
எல்லாம் இடது காலால் மிதித்துத் தைத்தவை.
தொழுது வந்த கையோடு
மதினி ராஹிலா தட்டோடு நின்றாள்.
மிளகும் வெங்காயமும் போட்டுப் பொரித்த ஈரல்,
இன்னும் ஆவி அடங்கவில்லை.
வேண்டாம் என்றேன்.
"குர்பான் ஈரலையா வேணாங்கிற?"
அவள் கண்ணில் கோபம் இல்லை,
அதுதான் கரைச்சல்.
கத்தியை எடுத்தேன்.
ஒரு சேட் பொத்தான் அளவு வெட்டினேன்,
ஓட்டை நாலும் போட இடம் விட்டு.
அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
பிஸ்மி சொல்லி வாயில் வைத்து
அது கரைந்து போகும்வரை
கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மென்றேன்.

இரவு முழுக்கத் தண்ணீர்.
போர்வை உடம்போடு நின்றது,
பெருவிரல் மட்டும் வெளியே
வேற்றூர் விருந்தாளி போல் தனியே கிடந்தது.
இரண்டு மணி போனது.
மூன்று மணிக்கு ஒருமுறை சுண்டியது,
விரலா நினைப்பா தெரியவில்லை.
கடல் இரைந்தது.
யாரோ கூசாவை நிரப்பித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள்;
யார் என்று கேட்கவில்லை.

விடிந்ததும் நாடாவைச் சுற்றினேன்.
மூன்றேகால்.
ஒருவரிடமும் சொல்லவில்லை.
இன்றைக்கும் அறுக்கிறார்கள்,
ராஹிலா இன்னொரு தட்டோடு வருவாள்.